உப்புச் சிம்மாசனம்

"ஒண்ணும் ஆகல அம்மிணி," என்றார் சபாபதி. "சிம்மாசனத்துல உக்காந்திருக்கான். நல்லாத்தான் இருக்கான்."

நல்லாத்தான் இருக்கான். மரகதம் மேஜையைப் பார்த்தபடியே இருந்தாள். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது. எதைக் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை. அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் சபாபதி அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அதுதான் முதலில் உறுத்தியது. சும்மா இருக்கிற ஆளே இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாயிபாபா காலனியில் இருக்கும் அவர் வீட்டு மாடியறையில் நாலு பேரும் ஆட்டத்துக்கு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் மனுஷன் வாய் ஓயாது. ஒரு கதவு என்றால் அதன் கீல், துரு, கிறீச்சென்கிற சத்தம், கதவுக்குப் பின்னால் வரும் அழுகின வாடை என்று எல்லாவற்றையும் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். சிலந்தியாகவே மாறிவிடுவார், கிழட்டு ராணியாகவே மாறிவிடுவார். அப்படிப்பட்டவர், உப்பு அரசனின் மாளிகையில் கடைசி மண்டபத்தில் வைரம் பதித்த சிம்மாசனத்தில் அவளுடைய ஆள் போய் உட்காருகிறான் என்று அவள் சொன்னதும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்வின் அண்ணன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். நூருல்லா அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம்தான் வந்தது இந்த ஒண்ணும் ஆகல. ஒரு வாசம் இல்லை, ஒரு சத்தம் இல்லை, சிம்மாசனம் சில்லென்று இருந்ததா சுட்டதா என்றுகூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சொல்கிற மாதிரி, ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கான்.

நல்லாத்தான் இருக்கிறவன் பெயர் கொடுமுடியான். வாள்வீரன். இருப்பது ஒரு தாளில், அவள் கைக்குக் கீழே, ஓரமெல்லாம் செல்லோடேப் ஒட்டிய பழுப்புத் தாள். பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு, உயிர் இவ்வளவு என்று எல்லாம் எண்களாக எழுதியிருக்கும். அவனைப் பேசவைப்பதும் நடக்கவைப்பதும் சண்டைக்கு அனுப்புவதும் அவள் வேலை. எட்வினுக்கு ஒரு மந்திரவாதி, நூருல்லாவுக்கு ஒரு திருடன். மூன்று பேரும் சேர்ந்து நிலவறை நிலவறையாக இறங்கிப் போவார்கள். எங்கே இறங்குகிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் சபாபதிக்குத்தான் தெரியும், அவர்தான் ஆட்டத்தை நடத்துகிறவர்; அவள் வீட்டுக்காரர் ராசுவும் இவர்களும் ஒன்றாக இருந்த காலேஜ் ஹாஸ்டலில் அவருக்கு வைத்த பேர் கண்டக்டர். கண்டக்டருக்கு முன்னால் இரண்டு முருகன் காலண்டர் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி நிமிர்த்திய ஒரு மறைப்பு நிற்கும். முருகன் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் சபாபதியின் பகடைகளும், அமெரிக்காவில் யாரோ ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அச்சடித்து, யாரோ ஒருத்தரின் மாமா பையன் கொண்டுவந்து, இவர்கள் ஜெராக்ஸ் எடுத்த மெல்லிய புத்தகமும் இருக்கும். ஒரு சாகசத்துக்கு ஒரு புத்தகம். வரைபடம், அறைக்கு அறை என்ன பூதம், என்ன பொறி, என்ன புதையல் எல்லாம் அதில் உண்டு. இவர்கள் அதை மாட்யூல் என்பார்கள். நினைத்தது பலிக்குமா, அடி விழுமா தப்புமா என்பதைப் பகடைதான் சொல்லும். ஆடுகிறவர்கள் அதைப் பித்தளைத் தாம்பாளத்தில் எல்லாருக்கும் தெரிய உருட்ட வேண்டும், டங்கென்று விழும். கண்டக்டர் உருட்டுவது முருகனுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. அது மரியாதை. இத்தனை காலத்தில் மரகதம் ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

"எட்வின், உன்ற மந்திரவாதி?" என்றார் சபாபதி அவசரமாக.

"நான் சுவத்துல இருக்கற எழுத்தைப் படிக்கறன்," என்றார் எட்வின். பல் டாக்டர். வாயைத் திற என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு ஒரு மெதுவான குரல் வந்துவிட்டது, இன்றைக்கு அதைவிட மெதுவாக இருந்தது. சுவரில் எழுத்து இருந்தது என்று யார் சொன்னது? சபாபதி சொல்லவே இல்லை. உப்புச் சுவர், உப்புத் தூண், உப்புத் தரை, நடுவில் சிம்மாசனம், அவ்வளவுதான் சொன்னார். இல்லாத எழுத்தை இவர் படிக்கப் போகிறாராம். சபாபதியும் ஆமாம் ஆமாம், ஒரு பழைய பாஷை, டைஸ் போடு என்கிறார். மரகதம் தாம்பாளத்தைப் பார்த்தாள். இருபது முகப் பகடை உருண்டு பதினான்கில் நின்றது. நூருல்லா அண்ணன் முறை வந்தது. "நான் தூணுக்குப் பொறத்தால நின்னுக்கறன்," என்றார் அவர். தூணுக்குப் பின்னால்! மரகதம் நிமிர்ந்து அவரைப் பார்த்தே விட்டாள். நூருல்லாவின் திருடன் கதவில் அடித்திருக்கிற பித்தளை ஆணியைக்கூடப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்கிறவன். செத்த பூதத்தின் கடைவாய்ப் பல்லில் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கிறவன். போன மாசம் ஒரு கோயில் மணியைத் தூக்கிக்கொண்டு நடந்து, மணி அடித்து, எல்லாரையும் மாட்டிவிட்டவன். அப்பேர்ப்பட்டவனுக்கு நாலு அடி தூரத்தில் கொட்டைப்பாக்கு அளவு வைரம் பதித்த சிம்மாசனம் இருக்கிறது, இவன் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்கிறானாம். பம்ப்செட் வியாபாரத்தில் அத்தனை கெட்டிக்காரரான மனுஷனுக்கு ஒரு நிமிஷம் நடிக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் மட்டும்தான் இப்படி ஒதுங்குவார்கள். ஏற்கெனவே ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பட்டவர்கள் மட்டும்தான்.

அப்போது ரசம் ஞாபகம் வந்தது. ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள் ஒருநாள், கல்யாணமான புதிதில், காந்திபுரத்தில் குடியிருந்தபோது. ராசு ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தார். சும்மா சிரிக்கவில்லை, புரையேறச் சிரித்தார். உப்புன்னா எனக்கு அலர்ஜின்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது மரகதம் என்றார். அப்புறம் கதை சொன்னார், கையில் ரசம் வழிந்து முழங்கை வரைக்கும் வர, துடைத்துக்கொள்ளாமலே சொன்னார். ஹாஸ்டலில் சபா ஒரு மாட்யூல் நடத்தினான், கடைசியில் ஒரு சிம்மாசனம், பேராசை பிடித்து மூணு பேரும் ஒருத்தன் மாற்றி ஒருத்தன் போய் உட்கார்ந்தோம், மூணு பேரும் காலி, உட்கார்ந்தா உப்பு, டைஸே கிடையாது, தப்பிக்க வழியே கிடையாது, புக்கிலேயே அப்படிப் போட்டிருக்கான் படுபாவி. ரெண்டு நாள் சபாவோடு பேசவில்லையாம். அப்புறம் ஒரு புதுத் தாளை எடுத்துப் புது வீரனை எழுதினாராம், சொந்த ஊர்ப் பேரையே வைத்து. அவள் அன்றைக்கு இதையெல்லாம் பாதிதான் கேட்டாள். வளர்ந்த ஆண்பிள்ளைகள் இதற்கெல்லாமா பேசாமல் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு உப்பு ஜாடியை எடுத்துவரப் போய்விட்டாள். இன்றைக்கு மண்டபத்துக்குள் நுழையும்போது சிம்மாசனம் என்று கேட்டும் ஞாபகம் வரவில்லை, உட்கார்கிறான் என்று தைரியமாகச் சொன்னாள். இப்போது வருகிறது. உட்கார்ந்தால் உப்பு. டைஸே கிடையாது. ஒண்ணும் ஆகல அம்மிணி.

அம்மிணியாம். அந்த வார்த்தையே இப்போது எரிந்தது. எத்தனை பிரியமாகச் சொல்கிறார், இத்தனை வருஷமும் அந்தப் பிரியத்தை வைத்தே காதில் பூ சுற்றியிருக்கிறார். இன்றைக்கு மட்டுமா? முருகனுக்குப் பின்னால் என்ன உருண்டது, என்ன விழுந்தது, யாருக்குத் தெரியும்? பூதம் கதாயுதத்தை வீசும், சபாபதி உருட்டுவார், உள்ளே பார்ப்பார், ச்சே தப்பிச்சுட்டான் அம்மிணி உன்ற ஆளு என்பார். தப்பித்தான், தப்பித்தான், எப்போது பார்த்தாலும் தப்பித்தான். எட்வின் அண்ணனின் மந்திரவாதிக்கு ஒரு கை போயிற்று. நூருல்லா அண்ணன் மூன்று திருடர்களைப் பறிகொடுத்துவிட்டு நாலாவதை வைத்துக்கொண்டு ஆடுகிறார். கொடுமுடியானுக்கு மட்டும் மேலே ஒரு கீறல் விழவில்லை. தான் நன்றாக ஆடுகிறோம் என்றல்லவா நினைத்திருந்தாள்! பாலத்துச் சண்டையை நினைத்தாள், அதை நினைக்கவேண்டாம் என்று மனசு தடுத்தும் நினைத்தாள். அந்தப் பாலத்தின் கயிற்றைப் பாதியில் அறுத்து, ராட்சதனை நடுப்பாலத்துக்கு வரவைத்து, எல்லாரும் ஓடு என்று சொன்னபோது கொடுமுடியான் மட்டும் நின்று மீதிக் கயிற்றை வெட்டினான். அவள் யோசனை, முழுக்க அவள் யோசனை. அன்றைக்கு மூன்று ஆண்களும் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய் ஹைதராபாத்தில் இருக்கிற மகள் பூரணிக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் சொன்னாள். ராசு போனபிறகு அவளுக்குச் சொல்வதற்கு என்று ஒரு சேதி இருந்தது அன்றைக்குத்தான். மறுநாள் மில் கேன்டீனில் கணக்குப் பிரிவுப் பெண்களிடம்கூடச் சொன்னாள், அவர்கள் ஒன்றும் புரியாமல் இட்லியைப் பிய்த்துக்கொண்டு கேட்டார்கள். இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ராட்சதன் விழுந்தானா, விழவைத்தார்களா? கைதட்டினார்களே, குழந்தை முதல் தடவை தானாகச் சாப்பிட்டால் வீட்டில் கைதட்டுவார்களே, அந்தக் கைதட்டலா? அவளுக்குக் காது மடல் சூடேறியது. தூ, என்ன பிழைப்பு. ஐம்பத்தாறு வயசில் மூன்று பேர் சேர்ந்து ஊட்டிவிட, அது தெரியாமல் வாயைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்த எழுத்துல என்ன போட்டிருக்குதுன்னா..." என்று சபாபதி இழுத்தார். அந்த இடத்திலேயே தயாரித்துக்கொண்டிருந்தார். மாளிகைக்கு ஒரு பின்வாசல் இருக்கிறதாம், எல்லாரும் அந்த வழியாகப் போய்விடலாமாம். சீக்கிரம் போய்விட வேண்டும் அவருக்கு, அந்த மண்டபத்தைவிட்டு. அவசர அவசரமாக வெளியே கூட்டிக்கொண்டுபோகிற இந்தக் குரலும் அவளுக்குத் தெரிந்த குரல்தான். ராசு படுத்திருந்த ஆஸ்பத்திரியில், லிஃப்ட் பக்கம் கேட்ட குரல், வா அம்மிணி, கேன்டீன்ல காபி நல்லாருக்கும், வா, அவன் தூங்கட்டும். ராசுவுக்கு வயிற்றில் புண் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். வாயு, அல்சர், காரம் குறைச்சுக்கோ. காரத்தைக் குறைத்தாள். மிளகாயே இல்லாமல் சமைத்துப் போட்டாள், முட்டாள். சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார் ராசு, சபாபதி கார் எடுத்துக்கொண்டு வருவார், வாசலில் ஹாரன் அடிப்பார். ஞாயிறு போதாமல் சனிக்கிழமையும் பேயோட்டப் போகிறீர்களா என்று இவள் கிண்டல் பண்ணுவாள். பண்ணிக்கொண்டே ஒரு டப்பா நிறைய முறுக்கு போட்டுக் கொடுப்பாள், விளையாடுகிற நேரத்தில் கொறிக்க இருக்கட்டும் என்று. டப்பா காலியாக வரும். அத்தனை சனிக்கிழமையும் அவர்கள் போனது கேன்சர் ஆஸ்பத்திரிக்கு. கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க ராசு படுத்துக்கிடந்தார், வெளியே பெஞ்சில் மூன்று பேரும் அவள் சுட்ட முறுக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒருநாள் நூருல்லா அண்ணனே சொன்னார், அழுதுகொண்டே சொன்னார், நல்லா இருந்துச்சு தங்கச்சி முறுக்கு, தொண்டைல எறங்கல. எறங்கவில்லையாம்! எறங்காமலா டப்பா காலியாக வந்தது?

அவளுக்குத் தெரியவந்தது எப்படி? ஒரு நர்ஸ் பெண் மூலமாக. கடைசியில் மஞ்சள் காமாலை என்று சொல்லி அட்மிட் பண்ணின பிறகு, பாவம் அந்தப் பெண், ட்ரிப்ஸ் மாற்ற வந்தவள், இனி வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிரலாமேம்மா, கடைசி நாளு வீட்டுல இருந்தா அவங்களுக்கும் நிம்மதி என்றாள். கடைசி நாளா? எதற்குக் கடைசி? மரகதத்தின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குக் கையிலிருந்த டேப் கீழே விழுந்துவிட்டது. வெளியே வந்து சபாபதியின் சட்டையைப் பிடித்தாள். ஆமாம், பிடித்தாள், வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க. நீ தாங்க மாட்டேன்னுதான் அம்மிணி சொல்லல என்றார். தாங்க மாட்டேனாம். இருபத்தைந்து வருஷமாக மில்லில் லேபர் ஆபீசர் அவள். மெஷினில் கை போனால், நைட் ஷிஃப்டில் நெஞ்சு வலி வந்து ஒருத்தன் போய்விட்டால், அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியது யார்? மேனேஜரா போவார்? இவள்தான் போவாள். சுற்றிவளைத்துச் சொல்லக்கூடாது என்று அவளாகக் கற்றுக்கொண்டாள். லேசா அடி, ஆஸ்பத்திரில இருக்காரு என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தால், அந்தப் பெண் வழியெல்லாம் சாமிக்கு நேர்ந்துகொண்டே வருவாள், அந்த நேர்த்திக்கடன் பாவம் உன் தலையில்தான் விடியும். அதனால் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு நேராகச் சொல்லிவிடுவாள். அவர்கள் அடித்தால் வாங்கிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் தாங்கமாட்டாள் என்று இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து, ராசுவும் சேர்ந்து, நாலு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ராசுவை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அதிகமாக வந்தது. இவர்களாவது வெளியாட்கள். அந்த மனுஷன் பக்கத்தில் படுத்துத் தூங்கினார். இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்திருப்பார், இவள் குறட்டைவிட்டுத் தூங்கியிருப்பாள். ஒரு கையைத் தூக்கித் தட்டி எழுப்பி மரகதம் என்று கூப்பிட என்ன கேடு? படுபாவி. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். அவள் தினமும் திட்டுகிறாள், பல் தேய்க்கும்போது திட்டுகிறாள்.

ஏன் வந்தாள் இந்த மேஜைக்கு? இவர்கள் கூப்பிடவில்லை. கருமாதியெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து அவளாகப் போன் பண்ணி, ராசுவோட எடத்துல நான் உக்காந்து ஆடறேன் என்றாள். சபாபதி திக்குமுக்காடிப் போனார். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மன்னிக்க வரவில்லை. அவளைவிட்டுவிட்டு அவர் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டுபோய்க் கொட்டின இடம் எது என்று பார்க்க வந்தாள். அவளுக்குச் சொல்லாததை இவர்களிடம் சொல்லியிருக்கிறாரே, அப்படி என்ன இருக்கிறது இங்கே என்று பார்க்க வந்தாள். வந்தவள் கொடுமுடியானின் தாளைக் கையில் வாங்கினாள், ராசுவின் கோணல் எழுத்தில் பலம், புத்தி, உயிர். விதிகளைப் படித்தாள், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தாள். பிடித்துவிட்டது. அதுதான் வெட்கக்கேடு, பிடித்துவிட்டது. ஒரு நிலவறைக் கதவுக்கு முன்னால் நிற்கும்போது ஒரு மூன்று மணி நேரம் வீடு மறந்துபோகும், கட்டிலின் அந்தப் பக்கம் மறந்துபோகும். தப்பாக யோசித்தால் சாவோம், சரியாக யோசித்தால் பிழைப்போம் என்று ஒரு நியாயம் இருந்தது இங்கே. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத நியாயம். இப்போது அதுவும் பொய். பார், இங்கேயும் வராந்தாதான். இங்கேயும் மூன்று பேர் ஜாடை காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவளுக்கு மட்டும் அல்சர் என்று சொல்லிக்கொண்டு.

எழுந்து போய்விடலாமா? கைப்பை நாற்காலியில்தான் தொங்குகிறது. தலைவலி என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், விழுந்தடித்துக்கொண்டு கொண்டுபோய் விடுவார்கள். போனால்? வீட்டில் மத்தியானத்து வெளிச்சம் ஹால் சோபாவில் விழுந்திருக்கும், மேல்வீட்டுக்காரி மிக்சி போடுவாள், டிவியில் யாராவது யாரையாவது அறைந்துகொண்டிருப்பார்கள். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு. பேசாமல் இருந்துவிடலாம். ஒண்ணும் ஆகல என்று அவர்தானே சொன்னார், கண்டக்டர் சொன்னால் அதுதான் சட்டம், கொடுமுடியான் எழுந்து பின்வாசல் வழியாக வந்துவிடுவான், அடுத்த வாரம் அடுத்த மாட்யூல். அவள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் அவன் சாகவே மாட்டான். இந்த நினைப்பு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது, நிஜமான பயம். ஏனென்றால் அது அவருடைய ஆள். அவர் எழுதினதில் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பது இவன் ஒருத்தன்தான். ராசுவின் சட்டைகளைக் கொடுத்தாயிற்று, ஸ்கூட்டரைக் கொடுத்தாயிற்று, போனில் அவர் குரல் இருந்ததும் போன் கெட்டுப்போய் அழிந்தாயிற்று. இவன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுந்து வாளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். இவனைத் தன் வாயாலேயே கொன்றுபோடவா? கொன்றுபோட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்? ஆனால் அந்த மூன்று பேரின் முகம், இப்போதும் பாரு, எட்வின் ஓரக்கண்ணால் பார்க்கிறார், பாவம் மரகதம் என்று அந்தக் கண் சொல்கிறது. அந்தப் பாவம் மரகதத்தை அவள் எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. பொய்யால் முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்த ஆள் அவருடைய ஆளா? ரசம் வழிய வழியச் சொன்னாரே, தப்பிக்க வழியே கிடையாது என்று. அந்த மாட்யூலில் அவருக்குப் பிடித்ததே அதுதானே. ஏமாற்றாமல் கொன்றார்கள் என்றுதானே அந்தச் சிரிப்பு சிரித்தார்.

"சரி அம்மிணி," சபாபதி இந்தப் பக்கம் திரும்பினார். "பின்வாசல் தொறந்தாச்சு. உன்ற ஆளு என்ன பண்றான்?"

"உக்காந்திருக்கான்."

"அதான் உக்காந்தாச்சே. அடுத்து?"

"அடுத்து ஒண்ணும் இல்லீங்கண்ணா. அதுல உக்காந்தா என்ன ஆகும்னு புக்குல போட்டிருக்குதோ, அதைப் படிங்க."

சபாபதி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "நான்தான் சொன்னனே, ஒண்ணும்..."

"படிங்க."

"தங்கச்சி, உட்ருமா," என்றார் நூருல்லா. "அது ராசுவோட ஆளு."

"அவரு ஆளுதானுங்கண்ணா. ஆனா உக்கார வெச்சது நானு. நான் பண்ணுனதுக்கு என்ன ஆகுமோ அது எனக்கு ஆகோணும். இத்தன வருசமா இந்த அட்டைக்குப் பொறத்தால எனக்கு எவ்வளவு பிச்சை போட்டிருக்கீங்கன்னு நான் கேக்கப் போறதில்லை. கேட்டா எனக்கே கேவலம். இந்த ஒண்ண மட்டும் படிங்க."

சபாபதி புத்தகத்தை எடுத்தார். எப்போதும் போல ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொன்னார், ஆனால் கை ஆடவில்லை, குரல் ஏறவில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். சிம்மாசனத்தில் அமர்கிற எவரும் அந்தக் கணமே உப்பாகிவிடுவார். இதற்குப் பகடை உருட்ட அனுமதி இல்லை. எந்த மந்திரத்தாலும் அவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உடன் வந்தவர்கள் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். படித்து முடித்துவிட்டு அவர் தலை குனிந்துகொண்டார். மரகதம் பென்சிலை எடுத்தாள். செத்தவன் தாளில் குறுக்கே ஒரு கோடு போடுவது இவர்கள் வழக்கம். ராசுவின் எழுத்துமேல் கோடு போட அவள் கை ஒரு நிமிஷம் மறுத்தது. அப்புறம் போட்டாள், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம்தான் இருந்தது, ஆனால் இப்போது எதைக் கேட்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது.

"இதே மாதிரி இன்னொண்ணும் சொல்லோணும்," என்றாள். "கூட்டாம கொறைக்காம. அவரு தன் நோவைப் பத்தி உங்ககிட்ட சொன்ன அன்னிக்கு, என்ன நடந்துச்சு?"

எட்வின்தான் பேசினார். "இங்கதான் மரகதம். இதே ரூம்ல. ரிப்போர்ட்டை மேஜ மேல வெச்சான். ஆட்டத்தை ஆரம்பிங்கடான்னான். சபா ஆரம்பிச்சான். கொஞ்ச நேரத்துல ராசுவால முடியல. அழுதுட்டான்."

"எப்படி அழுதாரு?"

"சத்தமா. மேஜ மேல தலைய வெச்சு. பயமா இருக்குடா பயமா இருக்குடான்னு. ரொம்ப நேரம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. பயமாக இருக்கிறது என்று ஒருநாளும் அவர் வாயால் கேட்டதில்லை. அவள் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்தில், இந்த மேஜையில் அழுதிருக்கிறார். "நீங்கெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

நூருல்லா கண்ணைத் துடைத்தார். "நான் எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போய் நின்னுக்கிட்டேன் தங்கச்சி. என்னால பாக்க முடியல." சபாபதி மெல்லச் சொன்னார், "நான் டைஸையெல்லாம் பொறுக்கி டப்பால போட்டுட்டிருந்தேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"அவரு அழுதப்ப அவரு மேல ஆரும் கை வெக்கலையா? முதுகுல, தோள்ல, எங்கியாச்சும்?"

சபாபதி வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது, ஆறுதலாக எதையோ. அவளைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"இல்ல அம்மிணி," என்றார். "ஆரும் வெக்கல."

அவள் இருந்திருந்தால் வைத்திருப்பாள்.